எங்கள் வயலில் விழுந்த வட்டம்

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன. ஊரில் இருந்திருந்தால் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சடித்திருப்போம். முகப்பில் படம், உள்ளே தேவாரம், அதன் பின்னால் இரண்டு பக்கத்தில் வாழ்க்கை வரலாறு. இடம்பெயர்ந்து வந்திருக்கும் கொடிகாமத்தில் அச்சகத்துக்கு எங்கே போவது? சித்தப்பா ஒரு கொப்பியைத் தந்து, எழுதி வை, நல்ல காலம் வந்தால் அடிக்கலாம் என்றார். வழமையான வரிகளையும் அவரே சொல்லிக்கொண்டு வந்தார். கோயில் வழிபாடு தவறாதவர் என்ற இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அதைப் போடாதை பிள்ளை. ஊர் சிரிக்கும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. கடைசி எட்டு வருடங்களுக்கு மேலாக அப்பா எங்கள் பிள்ளையார் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. வீதியில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அதற்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவிடாதவர். காரணம் எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அப்பாவை எரித்த மூன்றாம் நாள் அம்மா சொன்ன பிறகுதான் தெரியும். அதை விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையை எழுத எனக்கு வரவில்லை.

அப்பாவின் பெயர் தம்பிராசா. உரும்பிராயில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்புவரை படித்தார். பன்னிரண்டு பரப்புச் செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் மாறி மாறி வைப்பார். ஊருக்குக் கிழக்கே தாழ்வான நிலத்தில் எட்டுப் பரப்பு வயல் இருந்தது. மழையை நம்பி வருடத்தில் ஒரு தடவை நெல் விதைப்பார். தோட்டத்து வெங்காயம் சந்தைக்குப் போகும். வயல் நெல் வீட்டுக்கு.

அதிகம் பேசாதவர். எங்கள் காளை மாட்டை, நாம்பனை, வயல் வரம்பால் கொண்டுபோகும்போது, அது அடுத்தவன் நெல்லில் வாய் வைத்துவிடக் கூடாதென்று கயிற்றால் பின்னிய வாய்க்கூட்டை மாட்டித்தான் நடத்துவார். பக்கத்து வயல்காரர் பொன்னம்பலம் இதை வைத்து அவரைச் சீண்டுவார். "தம்பிராசா அண்ணையின்ரை நாம்பன் சைவப்பழம். மற்றவன் வயலைக் கண்டால் விரதம்." அப்பா சிரித்துக்கொண்டே நாம்பனை நடத்திக்கொண்டு போவார். களத்தில் சிந்திய நெல்லை மிதித்தால் அவருக்குப் பொறுக்காது. சிறுவயதில் ஒருமுறை நான் தெரியாமல் மிதித்துவிட்டேன். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றச் செய்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த வட்டம் எங்கள் வயலில் விழுந்தபோது அதைப் போட்டவர் யாராக இருக்கும் என்று ஊரே தலையை உடைத்துக்கொண்டது. ஒருவரும் அப்பாவை நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

எனக்கு ஒரே அண்ணை, குகதாசன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வீட்டைவிட்டுப் போய் ஓர் இயக்கத்தில் சேர்ந்தார். எண்பத்தாறு மார்கழியில் இன்னோர் இயக்கம் அவர்களுடைய இயக்கத்தைத் தடை செய்தது. சரணடையும்படி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அண்ணை சரணடையவும் இல்லை, வீட்டுக்கு வரவும் இல்லை. தேடி வந்த பெடியன்கள் மூன்று தடவை வீட்டைச் சோதித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அப்பா, தெரியாது தம்பி என்ற ஒரே பதிலைச் சொன்னார். அது உண்மையென்றே நான் நம்பினேன். பல்கலைக்கழகம் முடித்து, கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. அண்ணையைப் பற்றி வீட்டில் வாய் திறப்பதே இல்லை என்று எனக்கு அப்பாமேல் கோபம் இருந்தது.

எண்பத்தேழு தைப்பொங்கல் முடிந்து இரண்டாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வட்டத்தை முதலில் கண்டவர் பொன்னம்பலம்தான். சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து படலையில் நின்று கூப்பிட்டார். கிணற்றடியில் நின்ற அப்பா தலையைத் துவட்டியபடி வந்தார். நாங்கள் மூவரும் போனோம்.

இடுப்பளவு உயரத்தில் நெல் கதிர் விட்டு நின்றது. அறுவடைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. வயலின் நடுவே பாயை வளைத்துப் போட்டதுபோல ஒரு வளையம். அந்தப் பாதையில் இருந்த நெல் முழுவதும் படுத்திருந்தது. வளையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு தாள்கூட வளையவில்லை. படுத்த நெல்லெல்லாம் ஒரே பக்கமாக, கோயிலை வலம் வருகிற திசையில் சாய்ந்திருந்தது. வளையம் முழுமையாகவும் இல்லை. வடக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் நெல் நின்றபடியே இருந்தது. மறுநாள் நான் பள்ளிக்கூடத்து நாடாவைக் கொண்டுபோய் அளந்தேன். வளையத்தின் அகலம் ஐந்தடி ஐந்தங்குலம். எங்கே அளந்தாலும் அதேதான். வடக்கே விடுபட்ட இடம் ஒன்பது அடி. நட்டநடுவில் ஒரு சாண் அளவுக்குத் தாள்களை விலக்கிய இடத்தில் கொஞ்சம் சாணி கிடந்தது.

இரண்டு நாட்களாகச் சனம் வந்து பார்த்தது. சுழல்காற்று என்றார்கள் சிலர். முனி போன தடம், ஒருவரும் அதற்குள் இறங்கக் கூடாது என்றார்கள் சிலர். யூரியா கூடினால் நெல் சாயும் என்றார் ஒரு விவசாய உத்தியோகத்தர். ஆனால் சாய்கிற நெல் வளையமாகச் சாயுமா என்று கேட்டபோது சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் படித்ததைச் சொன்னேன். இங்கிலாந்தில் கோதுமை வயல்களில் இப்படி வட்டங்கள் விழுகின்றன, காற்று என்கிறார்கள் சிலர், வானத்திலிருந்து ஏதோ வந்து இறங்குகிறது என்கிறார்கள் வேறு சிலர். "இறங்கிறவன் உரும்பிராயைத் தேடியே வரவேணும்?" என்றார் பொன்னம்பலம். அவருடைய முடிவு வேறு. அந்த வாரம் பலாலி முகாமிலிருந்து இராணுவ ஹெலிகொப்டர், எங்கள் வாயில் ஹெலி, இரண்டு தடவை தாழப் பறந்தது. அதன் காற்றில்தான் நெல் படுத்தது என்று சந்தையிலும் கோயிலடியிலும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஹெலியின் காற்று என்றால் நெல் வெளிப்பக்கமாக அல்லவா சாய வேண்டும் என்று நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த நாட்களில் நான் கண்டும் யோசிக்காத இரண்டு விடயங்கள். கருவாடு விற்க வருகிற குருநகர் லூர்த்தம்மா, வட்டம் விழுந்ததற்கு முதல்நாள் வியாழக்கிழமையும் வந்திருந்தார். அம்மா நல்ல பாரைக் கருவாடாகப் பார்த்து வாங்கிக் குழம்பு வைத்தும் அப்பா அதைத் தொடாமல் மோரும் சோறும் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை அவருடைய கையிலும் முதுகிலும் கீறல்கள் இருந்தன. வேலி அடைத்ததில் கிழித்தது என்றார். அம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினார்.

பொன்னம்பலத்தின் ஹெலிக் கதை ஞாயிற்றுக்கிழமை வேறு உருவத்தில் எங்களிடம் திரும்பி வந்தது. தடை செய்த இயக்கத்தின் பகுதிப் பொறுப்பாளர் இரண்டு பேருடன் வந்து அப்பாவை வயலுக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன். பொறுப்பாளருக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். மரியாதையாகத்தான் கதைத்தார், குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஹெலி பறந்து போனதால் வட்டம் விழவில்லை, ஹெலிக்குக் காட்டுவதற்காக வட்டம் போடப்பட்டிருக்கிறது என்பது அவருடைய எண்ணம். வடக்கே விடுபட்ட ஒன்பது அடியில் போய் நின்றார்.

"இந்த வாய் பலாலியைப் பாத்துக்கொண்டு கிடக்கு ஐயா. ஆர் போட்டது?"

"தெரியாது தம்பி."

"உங்கடை மகன் எங்கை எண்டும் தெரியாது. உங்கடை வயலுக்கை ஆர் வந்தது எண்டும் தெரியாது."

இராணுவத்துக்குத் தகவல் கொடுத்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்களின் உடல்களை எங்கே, எப்படிக் கண்டெடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்த காலம். ஏதாவது ஒரு காரணம், நம்பக்கூடிய சாதாரணக் காரணம் வேண்டும் என்று வயலைச் சுற்றிப் பார்த்தேன். நடுவில் கிடந்த சாணி கண்ணில் பட்டது. வளையத்தைத் தாண்டி உள்ளே போனேன்.

"இதைப் பாருங்கோ, மாட்டுச் சாணி. எங்கடை நாம்பன் கட்டையோடை அறுத்துக்கொண்டு வந்திருக்கு. கட்டை இதிலை இறுகியிருக்கும். அது கயிற்றிலை சுத்திச் சுத்தி நடந்து நெல்லைப் படுக்க வைச்சிருக்கு."

இதைச் சொல்லும்போது அந்தச் சாணியைக் காலால் சுட்டிக் காட்டினேன். பெருவிரல் அதில் பட்டிருக்கவும் கூடும். அப்பாவின் முகம் ஒருமுறை சுருங்கியது. பயத்தில் என்று நினைத்தேன்.

பொறுப்பாளர் குனிந்து படுத்திருந்த கதிர்களைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ரீச்சர், விரதம் பிடிக்கிற மாடே இது? ஒரு கதிர்கூடக் கடிபடேல்லையே."

"அப்பா அதுக்கு வாய்க்கூடு போட்டுத்தான் விடுறவர்," என்றேன். "ஊரிலை எல்லாருக்கும் தெரியும்."

அவர் நம்பவில்லை. அப்பாவை முகாமுக்குக் கூட்டிப்போக வேண்டும், இரண்டு நாளில் விடுவோம் என்றார். அந்த நேரம் வரம்பில் நின்ற பொன்னம்பலம் வயலுக்குள் இறங்கினார். ஹெலிக் கதையைப் பரப்பியவர் அவர். தன் வாயால் வந்தது இது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"தம்பி, அண்ணையை விடுங்கோ. பிள்ளையாராணை, வெள்ளிக்கிழமை விடிய நாம்பன் இதிலை நிண்டதை நான் கண்டனான். வாய்க்கூட்டோடைதான் நிண்டது. அவிட்டுக் கொண்டுபோய் விட்டது நான்."

"அப்ப ஏன் ஹெலி எண்டு சொல்லித் திரிஞ்சனீங்கள்?"

"மாடெண்டு சொன்னால் ஆர் தம்பி வந்து பாக்கிறது?"

பொறுப்பாளருடன் வந்தவர்களில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் அன்று அப்பாவைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். வயல் முழுவதையும் இன்றைக்கே அறுத்துவிட வேண்டும், மேலேயிருந்து பார்த்தால் ஓர் அடையாளமும் தெரியக் கூடாது என்று கட்டளையிட்டுவிட்டுப் போனார்கள்.

அரைப்பச்சை நெல்லை அறுத்தோம். எட்டுப் பரப்பு. பாதிக்கு மேல் பதராகத்தான் வந்தது. கடைசியாக அப்பா நடுவில் நின்ற நெல்லை அறுத்து, அந்தச் சாணியை இரண்டு கையாலும் எடுத்துத் துவாயில் சுற்றிக்கொண்டார். "சாணியைக்கூட விடமாட்டார் மனுசன்," என்றார் பொன்னம்பலம். எல்லோரும் சிரித்தோம். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பின்னேரம் நான் அவரைத் திட்டினேன். நானும் பொன்னம்பலம் அண்ணையும் வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொல்லி மன்றாடினோம், உங்களுக்கு ஒரு வார்த்தை கதைக்கத் தெரியாதா, அண்ணை போன பிறகு கல்லாகிவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, மாட்டுக்கு வைக்கோல் போட எழுந்து போனார்.

அதற்குப் பிறகு சின்னப் பிள்ளைகள் எங்கள் நாம்பனை "ஹெலி" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அது சாகும்வரை அந்தப் பெயர்தான். செய்யாத குற்றத்தைச் சுமந்த அந்த மாட்டுக்கு, தான் சாப்பிட முன்னரே அப்பா தீனி வைப்பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்குள் போகவில்லை. வீதியில் நின்றார், திரும்பினார். தம்பிராசா அண்ணை சிவப்புக் கட்சிக்குப் போய்விட்டார் என்று பகிடி பண்ணினார்கள். ஐப்பசியில் இந்திய இராணுவத்துடன் சண்டை தொடங்கியபோது உரும்பிராயில் விழுந்த செல் ஒன்று பொன்னம்பலத்தை அவருடைய வீட்டு முற்றத்திலேயே கொன்றது. அப்பா அந்தப் பிணத்தின் பக்கத்தில் குந்தியிருந்து, என்னாலை, என்னாலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். துக்கத்தில் புலம்புகிறார் என்று நாங்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தோம். அதன் பிறகு கோயில் வீதிக்குப் போவதும் குறைந்தது.

அண்ணை உயிரோடு இருப்பது எண்பத்தேழு ஆனியில் சென்னையிலிருந்து வந்த கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு ஜெர்மனிக்குப் போனார். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, மேன்முறையீடு, அதுவும் நிராகரிப்பு, கை ஒன்று இயந்திரத்தில் அகப்பட்டது என்று கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் வாசிக்கக் கேட்டபின் அப்பா, "மிச்சம் கிடக்கு" என்பார். என்ன மிச்சம் என்று கேட்டால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

இந்த வருடம், தொண்ணூற்றைந்து ஐப்பசி முப்பதாம் திகதி, இராணுவம் நெருங்கிவர எல்லோரும் ஒரே வீதியில் தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். மழை. அப்பா நனைந்துகொண்டே நடந்தார். ஒரு மாதம் கழியமுன்னர் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல், தென்னோலைக் கொட்டிலில் போனார். பெட்டி செய்ய வந்த தச்சர் நூலைப் பிடித்து அளந்து, ஐந்தடி ஐந்தங்குலம் என்று தன் ஆளுக்குச் சொன்னார்.

வட்டத்தைப் பார்க்க வந்த எத்தனையோ பேருக்கு நான் சொன்ன அளவு அது. மூன்று நாட்கள் அது என் மனதில் கிடந்து உழன்றது. பிறகு அம்மாவிடம் கேட்டேன். அம்மா மறைக்கவில்லை. மறைத்து வைப்பதற்கு இனி ஆள் இல்லை என்றார்.

அண்ணை ஒளித்திருந்தது குருநகரில், லூர்த்தம்மாவின் வீட்டில். லூர்த்தம்மாவின் புருசன் சிமியோன் தோணியில் ஏற்றிப் பூநகரிக் கரையில் விட்டு, அங்கிருந்து இராமேசுவரத்துக்கு வழி செய்திருக்கிறார். அண்ணை தோணி ஏறிய அன்று அப்பா பிள்ளையாருக்கு நேர்ந்தார். பெடியன் கரை சேர்ந்த செய்தி வந்தால் மறுநாளே கோயிலைச் சுற்றி ஒரு பிரதட்டை. ஈர வேட்டியோடு தரையில் உருண்டு ஒரு முழுச் சுற்று. வியாழக்கிழமை கருவாட்டுக் கடகத்தை இறக்கிவைத்தபோது லூர்த்தம்மா அம்மாவின் காதில் செய்தியைச் சொன்னார்.

ஆனால் கோயில் வாசலில் அண்ணையைத் தேடுகிற பெடியன்களின் காவல். எங்கள் ஊரில் ஒரு மனிதன் காலையில் பிரதட்டை பண்ணினால் என்ன நேர்த்தி, யாருக்கு என்று பத்துப் பேர் கேட்பார்கள். மகன் தப்பிவிட்டான் என்பது அரைமணித்தியாலத்தில் தெரிந்துவிடும். பிறகு தோணி யாருடையது என்று தேடுவார்கள். நாள் தவறவும் அப்பாவுக்கு மனமில்லை. விடியுமுன் கிணற்றில் குளித்து, பசுஞ்சாணியில் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் குத்தி, வயலின் நடுவே வைத்து, அவரைச் சுற்றி உருண்டார். இடுப்பளவு நெல்லுக்குள் படுத்தவரை வரம்பில் நிற்பவன் காணமாட்டான். சுற்று முடிய இன்னும் ஒன்பது அடி இருக்கும்போது ஹெலி வந்தது. அசையாமல் குப்புறக் கிடந்தார். அது போனதும் பொன்னம்பலத்தின் சைக்கிள் சத்தம். தாள்களை விலக்கி விலக்கிக் குனிந்தபடி நடந்து மற்ற வரம்பால் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து அழுதாராம்.

"நெல்லுக்கு நொந்திருக்கும் எண்டு சொல்லிச் சொல்லி அழுதவர்," என்றார் அம்மா.

மறுநாள் போய் முடிக்கலாம் என்றிருந்தார். அதற்குள் சனம். பிறகு பெடியன்கள். பிறகு பொன்னம்பலத்தின் சத்தியம். தன் நேர்த்தியை மறைக்க இன்னொருவன் அதே பிள்ளையாரின் பெயரில் பொய்ச் சத்தியம் பண்ணினான், இனி எந்த முகத்தோடு உள்ளே போவது என்றாராம். பொன்னம்பலம் செத்தபோது அந்தச் சத்தியம்தான் கொன்றது என்று முடிவு கட்டிவிட்டார். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். பொய்யைத் தொடங்கியது நான். அதுதான் அந்தச் சத்தியத்தில் போய் முடிந்தது என்று எனக்குத் தெரியக் கூடாதாம்.

அம்மா துணிப் பொட்டலத்தை அவிழ்த்து ஒரு பால்மாத் தகரப் பேணியை எடுத்தார். உரும்பிராயிலிருந்து அந்த மழையில் அப்பா மார்போடு அணைத்துக்கொண்டு வந்த பேணி. விதைகள் என்று நினைத்திருந்தேன். உள்ளே, கல்லாய்க் காய்ந்து, ஒரு பக்கம் சற்று நசிந்த சாணி உருண்டை. உச்சியில் புல் குத்திய துவாரம் மட்டும் இருக்கிறது; புல்லை அன்றைக்கே காகம் பிடுங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். நசிந்தது காகம் கொத்தியதாலா, என் காலாலா என்று அம்மாவிடம் கேட்கத் துணிவு வரவில்லை.

நேர்த்தி முடியாமல் அதைத் தண்ணீரில் கரைக்கக் கூடாதாம். பெண்கள் உருளுவதில்லை, அடியழிக்கலாம் என்கிறார் அம்மா. விழுந்து கும்பிட்டு, தலை பட்ட இடத்தில் கால் வைத்து மறுபடி விழுவது. என்னுடைய உயரத்துக்கு இரண்டு தடவை விழுந்தால் ஒன்பது அடி கடந்துவிடும். இரண்டே தடவை. இப்போது அந்த வயலில் இராணுவம் இருக்கிறது. இந்த வருடம் விதைக்கவும் இல்லை. அண்ணைக்கு அனுப்பிய தந்தி போய்ச் சேர்ந்ததோ தெரியாது. போன கடிதத்தில் அவரைத் திருப்பி அனுப்பப் போவதாக எழுதியிருந்தார்.

சித்தப்பா விடச் சொன்ன வரியைக் கொப்பியில் எழுதிவிட்டேன். கோயில் வழிபாடு தவறாதவர். நாளைக்கு வாசித்துப் பார்த்துவிட்டுக் கோபிப்பார். அப்போது இந்தப் பக்கங்களை அவரிடம் கொடுப்பேன். பேணியை எறும்பு எட்டாத இடத்தில், கொட்டிலின் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.